வாய்க்கால் சந்து வழியாக

1

ஊரில் காப்பு அவிழ்த்துவிட்டார்களாம். காலையில் அம்மா போன் செய்து, "கடுகு தாளிச்சாச்சு" என்றாள். எங்கள் ஊரில் திருவிழா முடிந்தது என்பதை இப்படித்தான் சொல்லுவார்கள். அம்மனுக்குச் சாட்டி, அதாவது திருவிழாவை ஊருக்கு அறிவித்து, காப்புக் கட்டிவிட்டால், அதை அவிழ்க்கிற வரைக்கும் எந்த வீட்டு அடுப்பிலும் தாளிக்கிற சத்தம் கேட்கக் கூடாது.

ஆக, நான் கொடுத்த வாக்கும் இன்றோடு முடிந்தது. "காப்பு அவுக்கிற வரைக்கும் வாயத் தொறக்க மாட்டேன்" என்றுதான் செல்வம் மச்சானிடம் சொல்லியிருந்தேன். அதற்குப் பிறகும் திறக்க மாட்டேன் என்று எங்கேயும் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். மேலூர்ப் பக்கம் யார் கைக்காவது இது போய்ச் சேர்ந்தால் ரொம்பச் சந்தோஷம். செல்வம் மச்சானே படித்தாலும் சரிதான்.

என் பெயர் தேன்மொழி. ஊரில் தேனு. அமெரிக்காவின் தெற்குப் பக்கத்தில் ஒரு சின்ன டவுனில் இருக்கிறேன். மருந்துக்கடையில் மாத்திரை எண்ணி டப்பாவில் போட்டு, மூடிமேல் சீட்டு ஒட்டிக் கொடுக்கிற வேலை. கணவருக்குக் கம்ப்யூட்டர் வேலை. ஒரே மகள் நிலா, இப்போதுதான் கார் ஓட்டப் பழகுகிறாள். வெளிநாட்டில் இருப்பவர்கள் எழுதினால் பனியைப் பற்றி எழுதுவார்கள், இட்லி மாவு பொங்காத கதையை எழுதுவார்கள். எனக்கு அதெல்லாம் வராது. நான் கோபக்காரி. ஊரை விட்டு வரும்போது கொண்டுவந்த சாமான்களில் இன்றுவரை உடையாமல் இருப்பது அந்தக் கோபம் ஒன்றுதான்.

2

எல்லாம் ஆரம்பித்தது ஒரு சனிக்கிழமை. நிலா ஓட்டினாள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பழகுகிற பிள்ளைக்குப் பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். கடைகள் இருக்கிற சந்திலிருந்து பெரிய ரோட்டுக்குத் திரும்பினோம். ரோட்டில் கார்கள் வரிசையாக, மெதுவாக, பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு போயின. இரண்டு காருக்கு நடுவில் இடம் கிடைத்தது. நிலா புகுந்துவிட்டாள். "சபாஷ்டி" என்று நானும் பாராட்டினேன். அவ்வளவுதான், மோட்டார்சைக்கிளில் ஒரு போலீஸ்காரர் பக்கத்திலேயே வந்து கண்ணாடியைத் தட்டினார்.

எனக்கு ஒரு வியாதி உண்டு. சீருடை போட்டவர் எது கேட்டாலும் முதலில் "யெஸ்" சொல்லிவிடுவேன். விசா ஆபீஸில் பிடித்த வியாதி. விரலை வை, யெஸ். கண்ணாடியைக் கழற்று, யெஸ். அந்தப் பக்கம் போய் நில், யெஸ். அன்றைக்கும் அவர் என்னவோ கேட்டார், யெஸ் என்றேன். இன்னொன்று கேட்டார், அதற்கும் யெஸ். சட்டென்று அவர் முகம் இறங்கிப்போய்விட்டது. தொப்பியைத் தொட்டு, துக்கம் விசாரித்து, "விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள், முன்னால் போகிற காரை விட்டுவிடாதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நிலா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "அம்மா, நீ என்ன சொன்ன தெரியுமா? இது ஃபியூனரல். நாம அந்த ஃபேமிலியான்னு கேட்டாரு. நீ ஆமான்னுட்ட."

"இப்ப என்ன செய்யறது?"

"என்ன செய்யறது? போறதுதான்."

போனோம். முன்பின் தெரியாத ஒரு மனிதரின் கடைசி ஊர்வலத்தில் நாங்களும் ஒரு வண்டி. சிவப்பு சிக்னல் வந்தது. யாரும் நிற்கவில்லை. போலீஸ் குறுக்கே நின்று மற்ற வண்டிகளை எல்லாம் மறித்துக்கொள்ள, எங்கள் வரிசை மட்டும் போனது. எதிரே வந்த கார்கள் ஒவ்வொன்றாக ரோட்டை விட்டிறங்கிப் புல்லில் ஒதுங்கின. ஒரு வீட்டு வாசலில் புல் வெட்டிக்கொண்டிருந்த கிழவர் மிஷினை அணைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார்.

அவரைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சும்மா கண் கலங்கவில்லை, மூக்கு ஒழுக ஒழுக அழுதேன். நிலா பயந்துபோய், "அம்மா, ஓவரா ஆக்ட் பண்ணாத" என்றாள்.

கல்லறைத் தோட்டத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்ற சவ அடக்கக் கம்பெனி ஆளிடம் கேட்டேன். அவர் விளக்கினார். இந்த மாநிலத்தில் இறுதி ஊர்வலம் முழுக்கச் சட்டத்தின் கண்ணுக்கு ஒரே வண்டி மாதிரி. முதல் வண்டி சிக்னலைத் தாண்டிவிட்டால் கடைசி வண்டி வரைக்கும் தாண்டலாம். நடுவில் எவனும் புகக் கூடாது. "எதிரே வருகிறவர்கள் ஒதுங்கி நிற்பதும் சட்டமா?" என்று கேட்டேன். "இல்லை. அது எங்கள் அம்மா சொல்லிக்கொடுத்தது" என்றார்.

இறந்தவரின் மனைவி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, தன் கணவரை எனக்கு எப்படிப் பழக்கம் என்று கேட்டார். அதற்கு யெஸ் சொல்ல முடியாதே. திருதிருவென்று முழித்துவிட்டு, "எங்கப்பா பஸ் டிரைவர்" என்றேன். அந்த அம்மாள் என்ன புரிந்துகொண்டாரோ, என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

3

அப்பா மேலூர் டவுன் பஸ் டிரைவர். வழியில் எங்கே சவ ஊர்வலம் வந்தாலும் பஸ்ஸை ஓரங்கட்டி நிறுத்துவார். நிறுத்துவது மட்டும் இல்லை, இன்ஜினையும் அணைப்பார். சீட்டை விட்டு இறங்கி, தோளில் கிடக்கிற துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, ஊர்வலம் தாண்டிப் போகிற வரைக்கும் நிற்பார். எந்தத் தெரு ஆள், எந்தச் சனம் என்று பார்க்க மாட்டார். மேளதாளத்தோடு பூத்தேரில் வந்தாலும் சரி, நாலு பேர் மட்டும் தூக்கிக்கொண்டு வந்தாலும் சரி. பஸ்ஸுக்குள் இருக்கிறவர்கள் கத்துவார்கள். "யோவ் டிரைவரு, பரீட்சைக்கு லேட்டாகுதுய்யா" என்று காலேஜ் பையன்கள் தட்டுவார்கள். "அவரு போறது கடைசி ட்ரிப்பு. நீ சாயங்காலம் இதே பஸ்ஸுலதான திரும்பி வருவ? செத்த இருடா" என்பார். லேட்டாக வந்ததற்கு டிப்போவில் மெமோ வாங்குவார். அடுத்த வாரமும் நிறுத்துவார்.

எனக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. "எனக்கு எம்மகதான் கொள்ளி வைக்கணும். மந்தை வழியா மேளத்தோட போகணும். பொட்டப் புள்ள சுடுகாட்டுக்கு வரக்கூடாதுன்னு எவனாச்சும் சொன்னா நான் எந்திரிச்சு உக்காந்துருவேன்" என்று டீக்கடையில் நாலு பேர் கேட்கச் சொல்லுவார். மந்தை என்றால் ஊர் நடுவில் அம்மன் கோயில் இருக்கிற திடல். எல்லாரும் சிரிப்பார்கள். தங்கராசு மாமாவும் சிரித்தவர்தான்.

தங்கராசு மாமா யார் என்று சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு அண்ணன் முறை, எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி வீடு, திருவிழாக் கமிட்டிக்குத் தலைவர். செல்வம் மச்சான் அவருடைய இரண்டாவது மகன்.

அப்பா செத்தது சில வருஷத்துக்கு முந்தின திருவிழாவில், காப்புக் கட்டின மறுநாள் ராத்திரி, மந்தையில் விளக்கேற்றி முடிந்த பிறகு. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அன்றைக்கே எனக்கு டிக்கெட் கிடைத்துவிட்டது. நான் பறந்துகொண்டிருந்தேன். திருவிழாக் காலத்தில் சாவு விழுந்தால் எங்கள் ஊரில் ஒரு கட்டு உண்டு. அடுத்த பொழுது சாய்வதற்குள் பிணம் ஊரை விட்டுப் போய்விட வேண்டும். ஊருக்குள் பிணம் கிடந்தால் மந்தையில் அம்மனுக்கு விளக்கேற்ற மாட்டார்கள். மேளம் கூடாது, சங்கு கூடாது, பூப்போடக் கூடாது, மந்தை வழியாகப் போகவே கூடாது. இதெல்லாம் கட்டு. நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதே கட்டில் இன்னொன்றும் உண்டு. பிள்ளை வெளியூரிலிருந்து வந்துகொண்டிருந்தால், ஊர் எல்லைக்கு வெளியே தோட்டத்தில் கொண்டுபோய் வைத்துக் காத்திருக்கலாம். மதுரை வில்லாபுரத்தில் வேலை பார்த்த ஒருத்தருக்காக அப்படி வைத்திருந்ததை நானே சின்ன வயதில் பார்த்திருக்கிறேன்.

அம்மா அதைத்தான் கேட்டாள். "அண்ணே, எம்மக வந்துக்கிருக்கா. விடிஞ்சா வந்துருவா. தோட்டத்துல வைப்போம்ணே. எம்மக வரட்டும்."

தங்கராசு மாமா நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லையாம். "அது ஆம்பளப் புள்ளைக்கு வச்ச வழக்கம்த்தா. பொட்டப் புள்ள வர்றதுக்காக அம்மன் காத்திருக்குமா? எடுங்கப்பா" என்றாராம்.

நான் துபாய் ஏர்போர்ட்டில் இறங்கிப் போனைப் போட்டேன். பக்கத்து வீட்டுப் பெண் வீடியோவில் காட்டினாள். எங்கள் வீட்டுப் பின்வாசலுக்கு வெளியே வாய்க்கால் சந்து. ஒரு பக்கம் வீடுகளின் பின்சுவர், மறுபக்கம் சாக்கடையாகிப்போன வாய்க்கால். அதில் ஒரு குட்டியானை நின்றது. சாமான் ஏற்றுகிற சின்ன வண்டியைத்தான் நம்மூரில் அப்படிச் சொல்லுவோம். காலையில் தக்காளி ஏற்றிப்போன வண்டி அது. அப்பாவைத் தார்ப்பாய் போட்டு மூடி ஏற்றியிருந்தார்கள். சுடுகாட்டுப் பக்கமிருந்து உள்ளே வந்த வண்டிக்கு அந்தச் சந்தில் திரும்ப இடம் கிடையாது. அப்படியே பின்னாலேயே போயாக வேண்டும். செல்வம் மச்சான் வண்டியின் பக்கவாட்டில் பொத் பொத்தென்று தட்டி, "வரலாம் வரலாம், லெஃப்ட்ல ஒடி, வரலாம்" என்று கத்திக்கொண்டே போனார். ரிவர்ஸ் போட்டால் ஒரு பாட்டுச் சத்தம் வருமே, டிங் டிங் என்று, அது விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

எங்கப்பா கடைசி ஊர்வலத்துக்கு வாய்த்த மேளம் அதுதான். காலமெல்லாம் பஸ் ஓட்டின மனுஷனை ரிவர்ஸில் கொண்டுபோனார்கள். அம்மா பின்னாலேயே ஓடினாள். செருப்பு சகதியில் மாட்டிக்கொண்டது, வெறுங்காலோடு சந்து முனை வரைக்கும் போய் நின்றாள். கொள்ளியை யாரோ ஒரு பங்காளி வைத்தானாம். நான் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அம்மா பின்வாசல் படியில் உட்கார்ந்து அந்தச் செருப்பைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

துபாய் ஏர்போர்ட்டில் அத்தனை பேர் நடக்கிற இடத்தில் தரையில் உட்கார்ந்து ஒன்று சொன்னேன். தங்கராசு, உன் பொணமும் இந்தச் சந்து வழியாத்தான் போகும். ரிவர்ஸ்லதான் போகும். நான் பார்ப்பேன்.

4

மதுரைக் கோர்ட்டில் வக்கீலாக இருக்கிற பள்ளித்தோழி ஒருத்தியிடம் பிறகு கேட்டேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "மந்தைத் தெரு பஞ்சாயத்து ரோடுடி. பொது ரோட்டுல பொணம் போறத எவனும் தடுக்க முடியாது. எத்தன தீர்ப்பு வந்திருக்கு. ஸ்டேஷனுக்கு ஒரு போன் போட்டிருந்தா போலீஸ் காவலோட கொண்டு போயிருக்கலாம்" என்றாள்.

"சரி. தூக்குறதுக்கு ஆளு?"

"அதுக்கு எங்கடி சட்டம் இருக்கு?" என்றாள்.

அதுதான் விஷயம். அப்பாவுக்காகப் போலீஸைக் கூப்பிட்டிருந்தால், அம்மா அந்த ஊரில் தனியாகக் குடியிருக்க முடியாது. அவள் கோச்சடையில் இருக்கிற சித்தி வீட்டுக்கும் வர மாட்டேன் என்றாள், அமெரிக்காவுக்கும் வர மாட்டேன் என்றாள். "நான் எதுக்குப் போகணும்?" என்பாள். தினமும் தங்கராசு மாமா வீட்டைத் தாண்டித்தான் பால் வாங்கப் போவாள். அவர் வாசலில் உட்கார்ந்து, "என்னத்தா, மக பேசுனாளா?" என்று கேட்பாராம். இவள், "பேசுனாண்ணே" என்பாளாம்.

அவர்களுக்கு எங்கள்மேல் பகையே கிடையாது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். ஏன் இருக்கப்போகிறது? அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே. பொங்கலுக்கு எனக்கு வாழ்த்து அனுப்புவார்கள். நான் திரும்பக் கும்பிடு போடுகிற பொம்மை அனுப்புவேன். உள்ளுக்குள், எப்படா சாவான் இந்த ஆளு என்று நினைத்துக்கொண்டேதான் அனுப்புவேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இல்லை.

5

அந்தக் கல்லறைத் தோட்டத்திலிருந்து வீட்டுக்கு வந்து காபி போட்டுக்கொண்டிருந்தபோது செல்வம் மச்சானிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. திறந்தேன்.

கண்ணீர் அஞ்சலி போஸ்டர். நம் மதுரைப் பக்கத்துப் போஸ்டரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நடுவில் தங்கராசு மாமா வெள்ளை வேட்டியில், பின்னால் அருவி, மேலே சூரியன். "மண்ணைவிட்டு மறைந்த மந்தையின் மாணிக்கமே" என்று எழுத்து. கீழே வட்ட வட்டமாக மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள். கடைசி வரிசையில் ஒரு வட்டம் மட்டும் காலி. அதன் கீழே என் பெயர், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் "அமெரிக்கா".

கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ். "தேனு, நல்லாருக்கியா? நல்ல போட்டோவா ஒண்ணு அனுப்புத்தா. கூலிங்கிளாஸ் போட்டது இருந்தா இன்னும் நல்லது. போஸ்டருல அமெரிக்கான்னு ஒரு ஆளு இருந்தா எங்கப்பாவுக்கு ஒரு கெத்து. அப்புறம் தேனு, இது இப்போதைக்கு வெளிய தெரிய வேணாம். அத்தைகிட்டக்கூடச் சொல்லிறாத."

அம்மாவுக்குப் போன் போட்டு, சும்மா கேட்கிற மாதிரி, "தங்கராசு மாமா எப்படியிருக்காரு?" என்றேன். "மதுரைல பெரிய ஆஸ்பத்திரில கெடக்கு. மூக்குல டியூப் வச்சிருக்காம். இங்க காப்புக் கட்டியாச்சு. செல்வம் இங்கன மந்தையில மைக்கப் பிடிச்சு கும்மிக்குப் பேரு வாசிக்கிறான்" என்றாள்.

புரிந்துவிட்டது. ஆள் போய்விட்டார். காப்புக் கட்டியாகிவிட்டதால் சொல்லாமல் மறைக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் குளிரூட்டிய அறையில் போட்டு வைத்துவிட்டு, காப்பு அவிழ்த்த பிறகு செத்ததாகச் சொல்லி, மந்தை வழியாக மேளதாளத்தோடு பூத்தேரில் கொண்டுபோகத் திட்டம். அப்பன் செத்த தீட்டோடு, காப்புக் கட்டின கையோடு, மகன் மந்தையில் நின்று மைக் பிடிக்கிறார். ஊருக்குத் தெரிந்தால் திருவிழாவே நின்றுபோகும். ஒரு போஸ்டர் பெருமைக்காக, அதுவும் அடைப்புக்குறிக்குள் ஒரு "அமெரிக்கா" வேண்டும் என்பதற்காக, போயும் போயும் என்னிடம் வந்து சொல்லியிருக்கிறார்கள். மந்தையம்மா, நீ இருக்கிற ஆத்தா!

6

கணவர் கேட்டுவிட்டு, "செத்தவரோட என்ன சண்டை தேனு? விடு" என்றார்.

"உங்கப்பாவ ரிவர்ஸ்ல கொண்டு போயிருந்தா இப்படிப் பேசுவீங்களா?"

நிலா சோபாவில் கால் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தாத்தாவைத் தெரியும், வீடியோவில் ஹாரன் அடித்துக் காட்டுகிற தாத்தாவாக. "அம்மா, இது ரொம்பச் சில்லி. அவருக்குத் தெரியவே போறதில்ல. ஹி இஸ் டெட்."

"அவருக்குத் தெரிய வேணாம். அவரு மகனுக்குத் தெரிஞ்சாப் போதும்."

"அந்த அங்கிள் என்ன பண்ணாரு?"

"வண்டியத் தட்டுனாருடி. வரலாம் வரலாம்னு தட்டுனாரு."

அவளுக்குப் புரியவில்லை. புரியாமல் இருப்பதே நல்லது என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பிறகு, என் பிள்ளைக்கு என் அப்பாவுக்காகக் கோபப்படக்கூடத் தெரியாமல் போச்சே என்று அதற்கும் தங்கராசு மேலேயே கோபம் வந்தது. இது நியாயமா என்றெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள்.

செல்வம் மச்சானுக்குப் போன் போட்டேன்.

"மச்சான், மாமா எப்பத் தவறுனாரு?"

மந்தைச் சத்தத்தை விட்டு அவர் தள்ளிப் போவது கேட்டது. பிறகு, "முந்தா நாளு" என்றார்.

"கையில காப்பு இருக்கா, அவுத்துட்டியா?"

"தேனு, கால்ல விழுகுறேன். வெளிய தெரிஞ்சா என்னய ஊர விட்டே தள்ளி வச்சிருவாய்ங்க."

"நான் சொல்ல மாட்டேன். காப்பு அவுக்கிற வரைக்கும் வாயத் தொறக்க மாட்டேன். ஆனா மாமாவ நாளைக்கே எடுக்கணும். இப்பத்தான் உசுரு போச்சுன்னு சொல்லு, எனக்கென்ன. ஊரு கட்டுப்படி எடுக்கணும். பொழுது சாயறதுக்குள்ள, வாய்க்கா சந்து வழியா, மேளம் இல்லாம, குட்டியானையில."

"ஊருக்கு ஏன் கொண்டு வரணும்? மதுரையிலயே தத்தனேரி மயானத்துல வச்சு முடிச்சிர்றேன் தேனு."

"கூடாது. வீட்டுக்கு வரணும், சந்து வழியாப் போகணும்."

"எங்கப்பாவுக்கு இந்தச் சுத்துப்பட்டுல எம்புட்டுப் பேரு தெரியுமா? தேருக்குச் சொல்லியாச்சு, மேளத்துக்குச் சொல்லியாச்சு..."

"எங்கப்பாவுக்கும் பேரு இருந்துச்சு மச்சான்."

"அன்னைக்கு அவரு ஊருக்காகத்தான செஞ்சாரு?"

"நாமளும் ஊருக்காகத்தான செய்யறோம்?"

அவர் அழுதார். நாற்பதைத் தாண்டின ஆம்பிளை விம்மி விம்மி அழுவதைக் கேட்டுக்கொண்டே காபியைக் குடித்தேன். இத்தனை வருஷத்தில் இந்த நாட்டில் குடித்த காபிகளில் அதுதான் ருசியான காபி. போட்டோ அனுப்பவா என்று கடைசியில் கேட்டேன். போனை வைத்துவிட்டார்.

அம்மாவிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை, சந்தோஷப்படவும் இல்லை. "எந்நேரம் வருவாங்க?" என்று கேட்டாள். "நாளைக்குச் சாயங்காலம்" என்றேன். "பின்வாசல் ஓரமாக் குப்பையாக் கெடக்கு. கூட்டி வைக்கிறேன்" என்றாள்.

7

அவர்களுக்குச் சாயங்காலம், எனக்குக் காலை. கடைக்கு வேலைக்குப் போகிற வழி. கடைக்கு முன்னால் காரை நிறுத்திவிட்டு, உள்ளேயே உட்கார்ந்து அம்மாவுக்கு வீடியோ போட்டேன். அம்மா போனைப் பின்வாசலில் துவைக்கிற கல்லின் மேல் வாளியில் சாய்த்து வைத்துவிட்டு, "தெரியுதா?" என்றாள். சந்து தெரிந்தது. சுத்தமாகக் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தாள்.

முதலில் சத்தம்தான் வந்தது. டிங் டிங் டிங் டிங். அதே பாட்டு. பிறகு குட்டியானையின் பின்பக்கம் தெரிந்தது. தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். மாலை இல்லை, சங்கு இல்லை. கூட வந்தவர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கும், எல்லாரும் சுவரோரமாக ஒண்டி ஒண்டி வந்தார்கள். செல்வம் மச்சான் முன்னால், அதாவது வண்டிக்குப் பின்னால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். வண்டியைத் தட்டவில்லை. கையால் சைகை மட்டும் காட்டினார்.

நன்றாகப் பார்த்தேன். கண் சிமிட்டாமல் பார்த்தேன். பாவம் என்று ஒரு துளிகூட வரவில்லை.

அப்போதுதான் அம்மா படியை விட்டு இறங்கினாள். நிதானமாக நடந்துபோய்ச் சந்துக்கு நடுவில் நின்றாள். இப்படிச் செய்வாள் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. வண்டி பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. "ஏய், நிப்பாட்டு நிப்பாட்டு!" என்று செல்வம் மச்சான் கத்தினார். அம்மாவுக்கு ஒரு முழம் தள்ளி வண்டி நின்றது. தார்ப்பாய்க்கு வெளியே தங்கராசு மாமாவின் கால் கட்டைவிரல்கள் இரண்டும் தெரிந்தன. சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அத்தே, வழி விடுங்க" என்றார் செல்வம் மச்சான்.

"எம்மக வரட்டும்" என்றாள் அம்மா.

கூட வந்தவர்களில் ஒருத்தர், "என்னத்தா, புத்தி கித்தி பெசகிப்போச்சா? ஒம்மக அமெரிக்காவுல இருக்கா" என்றார். அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. கல்லின் மேலிருந்த போனைக் கையால் காட்டினாள். செல்வம் மச்சான் ஓடிவந்து போனை எடுத்தார். அவர் முகம் திரை முழுக்க வந்தது. மூக்கு நுனியில் வியர்வை.

"தேனு, சொல்லுத்தா. அத்தைய நகரச் சொல்லு. ஒன் கால்ல வேணாலும் விழுகுறேன்."

அந்த டிங் டிங் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. "டிரைவர வண்டிய ஆஃப் பண்ணச் சொல்லு" என்றேன்.

"என்னது?"

"எங்கப்பா பொணத்தப் பாத்தா பஸ்ஸ ஆஃப் பண்ணிட்டு, எறங்கித் துண்ட எடுத்துக் கையில வச்சுக்கிட்டு நிப்பாரு. ஒங்கப்பனுக்கும் அவரு நின்னுருப்பாரு. அவருக்கு எவனும் நிக்கல. இப்ப நில்லுங்க."

அவர் திரும்பி டிரைவரிடம் சொன்னார். இன்ஜின் நின்றது. அந்தப் பாட்டும் நின்றது. தோளில் கிடந்த துண்டை செல்வம் மச்சான் எடுத்தார். பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருத்தராக எடுத்தார்கள். யாருக்காக எடுக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியுமோ தெரியாதோ, எடுத்தார்கள். வாய்க்கால் தண்ணீர் ஓடுகிற சத்தம் கூடக் கேட்டது. எதிரில், கடைக் கண்ணாடிக்குள் எங்கள் மேனேஜர் தன் கைக்கடிகாரத்தைக் காட்டினாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

எனக்குப் போதும் என்று தோன்றியபோது, "சரி, போகச் சொல்லு" என்றேன். "அம்மா, வழி விடும்மா."

செல்வம் மச்சான் போனை அம்மா பக்கம் திருப்பினார். "கேட்டுச்சா அத்தே? தேனு சொல்லிருச்சு. போகலாம்ல?"

அம்மா அசையவில்லை.

"அம்மா, நான்தான் சொல்றேன்ல. விடும்மா" என்றேன்.

அம்மா என்னையும் பார்க்கவில்லை. அந்தக் கட்டைவிரல்களையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தில் வெயில் சுவர்மேல் ஏறிக்கொண்டிருந்தது. மந்தைப் பக்கமிருந்து ஒருத்தன் ஓடிவந்து, "இன்னும் எடுக்கலயா? விளக்கேத்தணும்ல, பூசாரி திட்டுறாரு" என்று கத்தினான்.

செல்வம் மச்சான் போனைத் திரும்பக் கல்லின் மேல் சாய்த்து வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். "அத்தே, பொழுது சாயுது. மந்தையில அம்மன் காத்துக்கிருக்கு."

"காத்திருக்கட்டும்" என்றாள் அம்மா.

எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. நான் காரை விட்டு இறங்கவில்லை.